எல்லாருக்கும் ரெண்டரை ஸ்கொயர்

உட்காருங்கள் தோழர். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அருளானந்து என்றுதானே சொன்னீர்கள்? காரைக்கரடு விவசாயிகள் சங்கத்துச் செயலாளர். நல்லது. உங்கள் ஊரில் வோல்டேஜ் இல்லை, போர் மோட்டார் எதுவும் இழுக்கவில்லை, மறியலுக்குத் தலைமை தாங்க நான் வர வேண்டும். அவ்வளவுதானே? வருகிறேன். இந்தச் சடையப்பன் எந்தப் போராட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்? மாவட்டக் குழுவுக்குத்தான் நான் வேண்டாம். மாலை வாங்கவும் மைக் பிடிக்கவும் அங்கே ஆள் இருக்கிறது. லத்தி ஓங்குகிற இடம் வந்தால் மட்டும் சடையப்பனைக் கூப்பிடு என்பார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிறவன் இல்லை. மூன்று மாநாட்டில் என் பெயரை விட்டுவிட்டார்கள், அதை நான் வெளியே சொல்வதுகூட இல்லை.

நாச்சம்மா! தோழர் வந்திருக்கிறார் பார். மோர் இருந்தால் கொண்டு வா.

ஆனால் ஒன்று தோழர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்ன கேட்டீர்கள்? "உங்க ஊர்ல என்ன சைஸ் ஒயரு போட்டீங்க?" என்று கேட்டீர்கள். அங்கேதான் சறுக்குகிறீர்கள். அது எதிரியின் கேள்வி. நமக்குக் கரண்டு தர வேண்டியவன், நம்மைப் பார்த்து "உன் ஒயர் என்ன சைஸ்?" என்று கேட்பான். நாம் ஒயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் போய்விடுவான். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். மற்றதெல்லாம் துண்டறிக்கை படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் கேள்விக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் ஊரில் கிணறெல்லாம் வற்றி, எல்லோரும் போர் போட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினோம். மோட்டார் பூமிக்குள் எங்கேயோ கிடக்கும். மேலே ஸ்டார்ட்டர் பெட்டி. பெட்டியிலிருந்து மோட்டார் வரைக்கும் ஒரு தட்டை ஒயர் கரண்டைக் கொண்டுபோகும். அந்த ஒயரில்தான் சாதி வைத்திருந்தான் கடைக்காரன். ரெண்டரை ஸ்கொயர், நாலு ஸ்கொயர், ஆறு ஸ்கொயர். ஸ்கொயர் என்றால் உள்ளே இருக்கிற செம்பின் தடிமன். எண் ஏற ஏற ஒயர் தடிக்கும், விலையும் தடிக்கும். பெரிய பண்ணைக்காரன் தோட்டத்தில் பாம்பு மாதிரி ஆறு ஸ்கொயர் தொங்கும். ஏழை தோட்டத்தில் அரைஞாண் கயிறு மாதிரி ஒன்று தொங்கும். பூமிக்குள் போகிற ஒயரில்கூட வர்க்கம்! எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கத்தைக் கூட்டினேன். ரேஷன் கடை முன்னால்தான் எங்கள் கூட்டமெல்லாம். ஒயரை யாரும் தனியாக வாங்கக் கூடாது. சங்கமே மொத்தமாக வாங்கும். எல்லோருக்கும் ஒரே ஒயர், ரெண்டரை ஸ்கொயர். அதை மீறி எவன் தடித்த ஒயர் இறக்கினாலும் அவன் சங்கத்தில் இல்லை. தீர்மானத்தை முன்மொழிந்தது நான். வழிமொழிய வேண்டிய வீரணன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"அண்ணே, ஆழத்துக்குத் தக்கன ஒயரு தடிப்பா போடணும்னு சொல்றாங்களே. எங்களுதெல்லாம் ஓடைப் பக்கத்துப் போரு, மேலயே தண்ணி நிக்குது. உங்களுது மேட்டுக்காடு. ஊருலயே ஆழமான போரு உங்களுதுதான். அதான் கேக்குறேன்."

"வீரணா, மேடு பள்ளம் பாத்து மனுசனைப் பிரிக்கக் கூடாதுன்னுதானே சங்கமே வச்சோம்? இப்ப நீ போரைப் பாத்துப் பிரிக்கச் சொல்றியா?" என்றேன்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. வீரணனே தட்டினான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த நாளே மச்சான் வந்துவிட்டார். மச்சான் என்றால் நாச்சம்மாவின் அண்ணன், குழந்தைவேலு. தாலுகாவில் பெரிய மோட்டார் கடை. 'நாச்சம்மாள் எலக்ட்ரிகல்ஸ்' என்று தங்கை பெயரையே வைத்திருக்கிறார். என் மனைவியின் பெயரை ஏகபோகத்தின் நெற்றியில் ஒட்டிவைத்திருக்கிறார் என்று நான் பல தடவை கண்டித்திருக்கிறேன். வணிகர் சங்கத் தலைவர் வேறு. நான் எங்கே கடையடைப்பு என்று சொன்னாலும் அன்றைக்குக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறக்கிற ஆள்.

"மாப்ள, மத்தவங்க எப்படியோ போகட்டும். உங்க போருக்கு ஆறு ஸ்கொயர் போடணும். அந்த ஆழத்துக்கு ரெண்டரை ஸ்கொயர் போட்டா கரண்டு பாதி வழியிலயே செத்துரும்" என்றார்.

"கரண்டு என்ன மச்சான், மலை ஏறுற கிழவனா, பாதி வழியில மூச்சு வாங்குறதுக்கு?"

"மெலிசான டியூபுல தண்ணி விட்டுப் பாருங்க. அந்தக் கோடியில என்ன வருதுன்னு தெரியும்."

"தண்ணிக்குத்தானே மோட்டாரே போடுறேன்? தண்ணி வச்சுக்கிட்டு உங்ககிட்டப் பாடம் படிக்கவா?"

"காசு வேணாம் மாப்ள. தங்கச்சி காட்டுக்குன்னு நான் போட்டுக் குடுக்குறேன்."

பார்த்தீர்களா தோழர்? முதலாளி எதையும் இனாமாகக் கொடுக்க மாட்டான். கொடுக்கிறான் என்றால் அந்த ஒயரில் கரண்டு மட்டும் ஓடாது. அன்று சாயங்காலமே மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்தேன். 'தடித்த ஒயரும் தடித்த சதியும்!' அவர் கடைக்கும் ஒரு கட்டு அனுப்பினேன். பல்பு பொட்டலம் கட்ட வசதியாக இருந்தது, அடுத்த தடவை கொஞ்சம் பெரிய தாளில் அடிக்க முடியுமா என்று சொல்லி அனுப்பினார். ஆணவம்.

மோர் வந்துவிட்டதா? குடியுங்கள் தோழர். உப்பு போதுமா?

அப்புறம் மோட்டாரை இறக்கினோம். ஓடைப் பக்கத்தில் எல்லாம் பிய்த்துக்கொண்டு ஓடியது. வீரணன் வாய்க்காலில் பிள்ளைகள் குதித்து விளையாடின. என் மோட்டார் மட்டும் பொத்தானை அமுக்கினால் 'ம்ம்ம்' என்று வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகும். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட்டர் 'டப்' என்று விழும். எப்போதாவது இழுத்தாலும் குழாயில் எலிவால் கனத்துக்குத்தான் தண்ணீர். அப்புறம் ஒருநாள் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற செம்புக் காயில் எரிந்தது. மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கினோம். மறுபடி எரிந்தது.

இதில் பெரிய சங்கடம் வெங்காயம். நான் போராட்டம், மாநாடு என்று அலைகிறவன். காடு முழுக்க நாச்சம்மா பொறுப்பு. அந்தப் போகம் மேட்டுக்காட்டில் சின்ன வெங்காயம் வைத்திருந்தாள். அவளாகவே ஓட்டி, அவளாகவே நட்டது. காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது. தாள் நுனியெல்லாம் மஞ்சள் அடித்துவிட்டது. குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தாள். வெங்காயத்துக்குக் குடம் எந்த மூலைக்கு?

ஒருநாள் காட்டிலிருந்து வந்து, மண்வெட்டியைச் சாத்திவிட்டு, என் எதிரில் நின்றாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன்.

"இந்த வெங்காயம் போச்சுன்னா, காட்டைக் கோழிப்பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன். விட்டுட்டு எங்க அண்ணன் கடைக் கல்லாவுல போயி உக்காந்துக்குவேன். எம்பேரு போட்ட கடைதானே?"

யோசித்துப் பாருங்கள் தோழர். நான் மூன்று தடவை கறுப்புக்கொடி காட்டிய கடை. அதன் கல்லாவில் என் மனைவி! நாளைக்கு நான் மறியல் செய்யப் போனால் ஷட்டரை இழுத்து மூடுகிறவள் அவளாக இருப்பாள். சோறும் அங்கிருந்துதான் வரும். நான் என்ன முகத்தோடு கோஷம் போடுவேன்?

இதற்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். என்ன? ஒயரை மாற்றவா? நீங்களும் அதையே சொல்கிறீர்களே! தீர்மானத்தை முன்மொழிந்தவனே தடித்த ஒயர் இறக்கினால் சங்கம் என்ன ஆகும்? நான் சொல்வது போராட்ட முடிவு. மோட்டார் எரிகிறது என்றால் வோல்டேஜ் இல்லை. வோல்டேஜ் இல்லை என்றால் கொடுக்கிறவன் கொடுக்கவில்லை. இதில் எங்கே தோழர் ஓட்டை இருக்கிறது?

மின்வாரியத்துக்கு மனு கொடுத்தேன். புதிதாக வந்த ஏ.ஈ. நேரில் வந்தார். மரியாதை தெரிந்த பிள்ளைதான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"வோல்டேஜ் சரியாத்தான் வருதுங்க ஐயா. இதோ பாருங்க முள்ளை. இங்கேருந்து கீழ மோட்டாருக்கு என்ன சைஸ் ஒயர் போட்டிருக்கீங்க?"

வந்ததா அந்தக் கேள்வி? என் மச்சான் கேட்ட அதே கேள்வி. கடைக்காரனுக்கும் அதிகாரிக்கும் ஒரே வாய். நான் சொன்னேன், "தம்பி, நீங்க குடுக்க வேண்டியது கரண்டு. அது எங்க ஒயர்ல எப்படிப் போகுதுங்கிறது எங்க உள்விவகாரம்."

அவர் நாச்சம்மாவைப் பார்த்தார். நாச்சம்மா அவரைப் பார்த்தாள். என் பேச்சில் இருந்த உறுதியை இருவரும் கண்ணாலேயே மெச்சிக்கொண்டார்கள்.

மறியலுக்கு நாள் குறித்து நோட்டீஸ் அடித்தேன். ஓடைப் பக்கத்துத் தோழர்களுக்கு அவ்வளவு வேகம் இல்லை. அவர்கள் மோட்டார் ஓடுகிறதல்லவா, அதனால் வர்க்க உணர்வு மழுங்கிவிட்டது. "எங்களுக்கு நல்லாத்தானே வருது, என்னன்னு கோஷம் போடுறது?" என்று வீரணன் கேட்டான். கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் கிளப்பினேன்.

முந்தின நாள் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்தார். பெண் எஸ்.ஐ. மறியலைக் கைவிடும்படி என்னிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தார். நான் மசியவில்லை. அதன் பிறகு அடுப்படியில் நாச்சம்மாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டார். உளவுத்துறை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். குடும்பத்துக்குள் புகுந்து தலைவனின் பலவீனத்தைத் தேடுகிறார்கள். நாச்சம்மா என்ன சொன்னாளோ, அந்த அம்மா போகும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் போனார். என் மனைவியிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அசட்டுச் சிரிப்புதான் மிச்சம்.

மறுநாள் வேனில் போகிறோம். ஊர் எல்லையில் மச்சானின் டெம்போ எதிரே வருகிறது. பின்னால் மோட்டார் தூக்குகிற முக்காலி, சங்கிலி, சாக்குப் போட்டு மூடிய பெரிய சுருள் ஒன்று, நாலைந்து ஆட்கள். வேனை நிறுத்தச் சொன்னேன்.

"நாங்க போராடப் போறோம், நீங்க யாவாரத்துக்குப் போறீங்களா மச்சான்?"

"ஒரு போர் வேலை மாப்ள. வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து முடிச்சுக் குடுங்கன்னு அந்தம்மா கேட்டுச்சு."

"புருசனுக்குத் தெரியாமலா? அந்த மனுசனை நினைச்சுப் பாத்தீங்களா?"

"அவரை நினைச்சுத்தான் மாப்ள பண்றதே. நீங்க நல்லபடியாப் போராடிட்டு வாங்க."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு அப்பாவி ஏமாறுவது அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. நான் சிரிக்கவில்லை.

மறியல் என்றால் அப்படி ஒரு மறியல் தோழர். பஸ் எல்லாம் நின்றது. என் தொண்டை இரண்டு நாள் சரியாகவில்லை. வழக்கம்போலக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தக்காளி சாதம், முட்டை. வீரணன் இரண்டாம் தடவை வாங்கினான். அரசாங்கச் சோறுதானே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது சாயங்காலம் நடந்தது. வழக்கமாக ஆறு மணி ஆனால் கதவைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்குத் திறக்கவில்லை. நான் போய்க் கேட்டேன். எஸ்.ஐ. அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஓ, இன்னும் இறக்கலையா? சரி சரி, நான் வச்சுக்கிறேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இன்னும் கொஞ்ச நேரம் இருங்கய்யா. மேல வேலை முடியலையாம்" என்றார்.

புரிகிறதா தோழர்? மேலே! நான் உள்ளே உட்கார்ந்திருக்க, மேலிடத்தில் எங்கள் கோரிக்கையைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. இழுபறி போல. நான் உள்ளே வந்து தோழர்களிடம் சொன்னேன். ஒரே கரகோஷம். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் வந்தது. அந்த அம்மா கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, "ஐயா, ஜெயிச்சுட்டீங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

வீட்டுக்குக்கூட வரவில்லை, நேராகக் காட்டுக்கு நடந்தேன். வரப்பில் வரும்போதே சத்தம் கேட்டது. குழாய் நிறைந்து, யானை தும்பிக்கையால் பீய்ச்சுகிற மாதிரி தண்ணீர் கொட்டுகிறது. மோட்டார் கொட்டகை பல்பு வெளிச்சத்தில் வெங்காயப் பாத்தியெல்லாம் நனைந்து மின்னுகிறது. நாச்சம்மா முழங்கால் வரை சேற்றோடு மடை மாற்றிக்கொண்டிருந்தாள். என் மச்சான் தொட்டி மேல் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். வேலை முடித்துப் போகிற வழியில் தங்கையைப் பார்க்க வந்தாராம்.

"எப்ப வந்துச்சு தண்ணி?" என்று கேட்டேன்.

நாச்சம்மா! இங்கே வா, தோழரிடம் நீயே சொல். அன்றைக்குத் தண்ணீர் எப்போது வந்தது?

"இவுங்க அங்க கோசம் போட்டாங்க, இங்க குபீர்னு வந்துருச்சுங்க."

கேட்டீர்களா? நேரில் பார்த்த சாட்சி.

அன்றைக்கு ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. பெட்டியிலிருந்து போருக்குள் இறங்குகிற ஒயர் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்த மாதிரி தெரிந்தது. கேட்டேன். "இத்தனை நாளா பட்டினி கெடந்த ஒயருங்க. இப்பத்தானே வயிறு நெறையக் கரண்டு திங்குது, கொஞ்சம் பூசினாப்புல ஆயிருச்சு" என்றாள். மச்சானுக்குப் புரை ஏறிவிட்டது. பாவம், மின்சார அறிவு இல்லாதவள். வெயிலில் ரப்பர் இளகிக் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. போர் மூடியைத் திறந்து பார்க்கவில்லையா என்றா கேட்கிறீர்கள்? எதற்குத் திறக்க வேண்டும்? ஓடுகிறதே தோழர். ஓடுகிற மோட்டாரை எவனாவது திறந்து பார்ப்பானா?

இரண்டு நாள் கழித்து ஏ.ஈ. வந்தார். மீட்டரை வைத்தார். முன்பு நின்ற அதே இடத்தில் முள் நின்றது. ஒரு இம்மி ஏறவில்லை. அதே முள், அதே இடம், ஆனால் தண்ணீர் கொட்டுகிறது! என்ன அர்த்தம்? மீட்டர் பொய் என்று அர்த்தம். அதையே சொன்னேன். அவர் ஒயரைப் பார்த்தார், கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். நாச்சம்மா நீட்டிய மோரை வாங்கிக்கொண்டு, "ஆமாங்கய்யா, போராட்டம்தாங்க ஜெயிச்சிருக்கு" என்றார். நேர்மையாக ஒப்புக்கொண்டார். படித்தவர்களில் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

மொத்தக் கொள்முதலின் பலனையும் நீங்கள் கண்ணால் பார்க்கலாம். அதோ, துணி காய்கிற கொடி. நம் சங்கத்து ஒயர்தான், ரெண்டரை ஸ்கொயர். இந்தச் சுவரிலிருந்து அந்த முருங்கை வரைக்கும் மூன்று சுற்று. ஆடு புகாமல் வெங்காயத்துக்குச் சுற்றிலும் கட்டியிருப்பதும் அதுவே. அத்தனை ஒயர் மிச்சம் கிடந்ததாம், நாச்சம்மா எடுத்து வந்து கட்டினாள். தனியாகப் போய் வாங்கியிருந்தால் இவ்வளவு மிஞ்சுமா? சொல்லுங்கள்.

வெங்காயம் அந்தப் போகம் அப்படி ஒரு திரட்சி. கோழிப்பண்ணை, கல்லா என்ற பேச்சையே அதற்கப்புறம் அவள் எடுக்கவில்லை. காட்டிலேயே இருக்கிறாள். எனக்கு அது போதும் தோழர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறேன். ஒன்றில்கூட நான் ஜெயித்ததாக இவள் வாயால் சொன்னதில்லை. "எதுக்கு இந்த வெயில்ல" என்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு வரப்பில் நின்றுகொண்டு, "உங்களாலதாங்க" என்றாள். சேற்றுக் கையோடு. மச்சான் முன்னாலேயே. மாவட்டக் குழு வெட்கப்பட வேண்டும்.

ஆகவே உங்கள் ஊருக்கும் அதையே சொல்கிறேன். எல்லோரும் ரெண்டரை ஸ்கொயரே போடுங்கள். மிச்சத்தை மறியலில் பார்த்துக்கொள்ளலாம். தேதியை மட்டும் குறித்துச் சொல்லுங்கள்.

என்ன நாச்சம்மா? அவரிடம் என்ன கேட்கிறாய்? சத்தமாகத்தான் கேளேன்.

"உங்க ஊர்ல எத்தனை போருங்க இழுக்காம கெடக்கு? எல்லாம் ஆழப் போருங்களா? சரிங்க. நாள் குறிச்சதும் எங்க அண்ணன் கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. அவரும் ஆளோட வந்துருவாரு. இத்தனை போருன்னா ஒரு நாள் பத்தாது, ரெண்டு நாள் மறியலாப் போட்டுக்கங்க. இவுங்களை மட்டும் மண்டபத்துல நல்லாப் பாத்துக்கங்க, வெள்ளன விட்டுராதீங்க."

கேட்டீர்களா தோழர்! காதால் கேட்டீர்களா! குழந்தைவேலு மறியலுக்கு வருகிறாராம். ஆளோடு! நான் கறுப்புக்கொடி காட்டிய ஆள். என் நோட்டீசில் பல்பு கட்டிய ஆள். ஒரே ஒரு வெற்றியைக் கண்ணால் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. இவள் இரண்டு நாள் மறியல் வேண்டும் என்கிறாள், பாருங்கள் வேகத்தை. போராட்டம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று துண்டறிக்கையில் படித்திருக்கிறேன். சொந்த வீட்டில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஏன் தோழர் சிரிக்கிறீர்கள்? சந்தோஷமா? எனக்கும்தான். நோட்டீசில் அவர் பெயரையும் போட்டுவிடலாம். என் பெயருக்குக் கீழே. கொஞ்சம் சின்ன எழுத்தில்.